ஊருக்கு எடுக்க எந்தக் கார்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் சில வருடங்கள் கவுண்டரில் நின்றிருக்கிறேன். மரக்கறி நிறுப்பதற்கும் லொட்டோ விற்பதற்கும் நடுவே அதிகம் கையில் எடுத்தது, வெளிநாட்டுக்குக் கதைக்க முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கும் ரெலிபோன் கார்ட்தான். பின்சுவர் முழுக்கப் போஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் கொழுத்த எழுத்தில் ஒரு நிமிடக் கணக்கு. வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்த கிழமை திரும்பி வந்து, "தம்பி, நீர் தந்த கார்ட் நாலு தரம் கதைக்கவே முடிஞ்சு போச்சு" என்று சண்டைக்கு நிற்பார். அந்தச் சண்டைகளில் படித்தவைதான் கீழே இருப்பவை. கனடாவிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் கடைசிப் பக்கம் சில வரிகள் உண்டு.

வாட்ஸ்அப்பும் வைபரும் இருக்கும்போது கார்ட் எதற்கு?

இரண்டு பக்கமும் ஸ்மார்ட்போனும் நல்ல இணையமும் இருந்தால் கார்ட் தேவையில்லை. காசைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. பட்டன் போனை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பம்மா இருக்கிறார். பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி, வங்கிக் கிளை, காணி விஷயமாகப் பேச வேண்டிய சட்டத்தரணி அலுவலகம் என்று வாட்ஸ்அப்பில் பிடிக்க முடியாத இடங்களும் நிறைய. அப்புறம், இணையமே நின்றுபோகும் நாட்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது இலங்கை அரசு பேஸ்புக்கோடு வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதே கதை. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் துடித்த அந்த நாட்களில் சாதாரண ரெலிபோன் அழைப்பு போய்க்கொண்டுதான் இருந்தது. ஐந்து டொலர் கார்ட் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது மெழுகுதிரி வைத்திருப்பது மாதிரி.

கார்ட் எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் நேரே ஊருக்கு எடுப்பதில்லை. கார்டில் அச்சிட்டிருக்கும் உள்ளூர் இலக்கத்துக்கு எடுக்கிறீர்கள். அங்கே ஒரு கணினி, கார்டில் மறைத்து அச்சிட்டிருக்கும் பின் (PIN) என்ற இரகசிய இலக்கத்தைக் கேட்டு, மிச்சம் எவ்வளவு என்று சொல்லி, ஊர் இலக்கத்தை அழுத்தச் சொல்கிறது. அதன்பின் அந்த நிறுவனம், தான் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் வழியில் உங்கள் குரலை ஊருக்கு அனுப்புகிறது. இப்போது அது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் போகிறது. மலிவாகக் கொடுக்க முடிவது அதனால்தான்.

கடையில் நீங்கள் வாங்கும் அட்டைக்கு என்று ஒரு பெறுமதியும் இல்லை. மேல் பூச்சைச் சுரண்டினால் தெரியும் அந்தப் பின் இலக்கம்தான் காசு. அதைப் படம் எடுத்து அனுப்பு, போனில் வாசித்துச் சொல்லு என்று தெரியாதவர் யார் கேட்டாலும், அவர் கேட்பது உங்கள் பணப்பையை.

போஸ்டரில் 125 நிமிடம் என்று இருந்தது. நான் கதைத்தது 34 நிமிடம். மிச்சம் எங்கே போனது?

கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஐந்து டொலர் கார்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, ஆனால் கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இந்த மாதிரித்தான் இருக்கும். நிமிடத்துக்கு 4 சதம். 500ஐ 4ஆல் வகுத்தால் 125. போஸ்டரில் வந்தது அந்த 125. பொடி எழுத்தில் இருப்பது வேறு மூன்று விஷயம்: ஒவ்வொரு அழைப்புக்கும் 49 சதம் இணைப்புக் கட்டணம், நேரம் மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கெடுக்கப்படும், முதல் அழைப்புக்கு மறுநாளும் அதன்பின் கிழமைக்கு ஒரு தரமும் 79 சதம் பராமரிப்புக் கட்டணம்.

இனி, அம்மாவோடு தினமும் ஏழு நிமிடம் கதைக்கிறீர்கள் என்று வைப்போம். ஏழு நிமிடம் ஒன்பதாக உருட்டப்படும். ஒன்பது நாலு 36 சதம், அதோடு 49 சதம், ஆக 85 சதம். முதல் நாள் முடிவில் மிச்சம் 4.15. அடுத்த நாள் காலை நீங்கள் போனைத் தொடுவதற்கு முன்பே 79 சதம் போய்விடும், மிச்சம் 3.36. அதில் இன்னும் மூன்று நாள் கதைக்கலாம். நாலாவது நாள் முடிவில் 81 சதம் இருக்கும். ஐந்தாம் நாள் 49 சதத்தைக் கழித்தால் 32 சதம். நிமிடக் கணக்கில் எட்டு நிமிடம் வர வேண்டும், ஆனால் மூன்று மூன்றாகத்தான் தருவார்கள் என்பதால் ஆறாவது நிமிடத்தில் வெட்டு விழும். எட்டுச் சதம் ஒன்றுக்கும் உதவாமல் கார்டிலேயே கிடக்கும். கூட்டிப் பாருங்கள்: நாலு தரம் ஏழு, கடைசியாக ஆறு. 34 நிமிடம். "நாலு தரம் கதைக்கவே முடிஞ்சு போச்சு" என்று சண்டை பிடித்த ஐயா பொய் சொல்லவில்லை.

அதே கார்டை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் கதைத்து முடிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு தரம் மட்டும் 49 சதம். மிச்சம் 4.51 டொலருக்கு 111 நிமிடம். போஸ்டரும் முழுப் பொய் இல்லை. யாரும் அப்படிக் கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பொருந்துகிற கார்ட் எது?

நிமிட விலையைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம். உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பாருங்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பவர் இணைப்புக் கட்டணம் இல்லாத, ஒரு நிமிடத்துக்கு ஒரு நிமிடம் கணக்கெடுக்கும் கார்டைத் தேட வேண்டும், நிமிட விலை இரண்டு மடங்கு என்றாலும். மேலே சொன்ன அதே அம்மா, அதே ஏழு நிமிடம்; கார்ட் நிமிடத்துக்கு 8 சதம், வேறு கட்டணம் ஒன்றும் இல்லை. ஐந்து டொலருக்கு எட்டு நாள் முழுதாகக் கதைத்து, ஒன்பதாம் நாளும் ஆறு நிமிடம் கிடைக்கும். மொத்தம் 62 நிமிடம். போஸ்டரில் இந்தக் கார்ட் 62 என்றும் மற்றது 125 என்றும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். எல்லாக் கையும் 125 பக்கம்தான் போகும். என் கையும் ஒரு காலத்தில் அங்கேதான் போனது.

மாதத்தில் ஒன்றிரண்டு தரம் நீட்டாகக் கதைப்பவருக்கு முதலாவது வகை சரி, ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவசரத்துக்கு வாங்கி வைப்பவருக்குப் பராமரிப்புக் கட்டணம் இருக்கவே கூடாது. காலாவதித் திகதி தூரத்தில் இருக்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

"எது நல்ல கார்ட்?" என்று கேட்காதீர்கள். கடைக்காரருக்கு எந்தக் கார்டில் கமிஷன் கூடுதலாகக் கிடைக்கிறதோ அது நல்ல கார்ட். நான் நின்ற கடையிலும் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. இணைப்புக் கட்டணம் உண்டா, எத்தனை நிமிடமாக உருட்டுகிறார்கள், பராமரிப்புக் கட்டணம் எப்போது தொடங்கும், முதல் அழைப்பிலிருந்து எத்தனை நாள் செல்லும் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுக் கார்ட் எதுவென்றாலும் முதலில் ஆகச் சிறிய தொகைக்கு ஒன்று மட்டும் வாங்குங்கள். கதைத்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நன்றாக வந்தாலும் பத்துப் பதினைந்து என்று வாங்கிச் சேர்க்க வேண்டாம். போன மாதம் நன்றாக இருந்த அதே பெயர்க் கார்ட் இந்த மாதம் வேறு கட்டணத்தோடு வரும். பெரும்பாலான கார்ட்களில் "விலை அறிவித்தலின்றி மாறலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மட்டும் அவர்கள் தவறாமல் காப்பாற்றுவார்கள்.

இந்தியாவுக்கு இவ்வளவு மலிவு, இலங்கைக்கு ஏன் விலை?

வெளிநாட்டு அழைப்பு ஒன்று ஊர்க் கம்பனியின் வலைக்குள் நுழையும்போது அந்தக் கம்பனி ஒரு வாசல் கட்டணம் வாங்கும். இந்தியாவில் அதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நிர்ணயிக்கிறது: 2018 பெப்ரவரியில் நிமிடத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தார்கள், 2020இலிருந்து 35 முதல் 65 பைசாவுக்குள் கம்பனிகளே பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கனடாக் காசில் அது ஒரு சதத்தை ஒட்டித்தான் வரும். இலங்கையில் உள்ளே வரும் அழைப்பின் மீது அரசே வரி போடுகிறது. 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வந்தது அந்த அறவீடு. அதனால் அங்கே வாசல் கட்டணமே பெரிது, எந்தக் கார்ட்காரராலும் அதற்குக் கீழே நேர்வழியில் விற்க முடியாது.

இன்னொன்று: இலங்கைக்கு ஒரே விலை என்று நினைக்க வேண்டாம். கொழும்பு, மற்ற ஊர்கள், கைபேசி என்று பிரித்து விலை போட்டிருக்கும் கார்ட்களும் உண்டு. போஸ்டரில் வருவது எப்போதும் ஆக மலிவான விலை. நீங்கள் எடுப்பது கிளிநொச்சியில் ஒரு கைபேசிக்கு என்றால் அந்த விலையைக் கேளுங்கள்.

அம்மாவின் போனில் கனடா இலக்கம் வராமல் ஊர் இலக்கம் ஒன்று வருகிறதே?

மேலே சொன்ன வாசலைச் சுற்றிப் பின்கதவால் போகிறார்கள் என்று அர்த்தம். ஊரில் ஒரு வீட்டில் பெட்டி ஒன்று வைத்து, அதில் நிறைய உள்ளூர் சிம்களைப் போட்டு, இணையம் வழியாக வரும் அழைப்பை அந்தச் சிம்களிலிருந்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். சிம் பெட்டி என்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இது சட்டவிரோதம். பிடித்தால் பெட்டியோடு பறிமுதல் செய்வார்கள். நடுவில் அழைப்பு அறுந்துபோவது, உங்கள் குரலே திரும்பிக் கேட்பது, ஒருபக்கம் மட்டும் கேட்பது எல்லாம் இந்த வழியில் சகஜம். நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள், ஆனால் அந்தக் கார்டைத் திரும்ப வாங்காதீர்கள். ஊரில் தெரியாத இலக்கத்தை எடுக்காதே என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருப்பதே நாங்கள்தான், பிறகு எங்கள் அழைப்பையே அவர் எடுக்காமல் விடுகிறார்.

கார்டில் உள்ள எந்த இலக்கத்துக்கு எடுப்பது, 416 இலக்கமா, 1-800 இலக்கமா?

கைபேசியில் கனடா முழுக்க அளவற்ற நிமிடம் இருந்தால் 416, 647 போன்ற உள்ளூர் இலக்கத்தையே பாவியுங்கள். 1-800க்கு எடுத்தால் உங்களுக்கு இலவசம் போலத் தெரியும், ஆனால் அந்தச் செலவைக் கார்ட் கம்பனி உங்கள் மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நிமிட விலை கூடும். வீட்டு ரெலிபோனில் எடுப்பவர் இருக்கும் ஊரையும் பார்க்க வேண்டும். ஹமில்டனிலிருந்து ரொறன்ரோவின் 416 இலக்கத்துக்கு எடுத்தால் அதுவே தூர அழைப்பு. ஊருக்குக் கார்டில் மிச்சம் பிடித்து, உள்ளூர்ப் பில்லில் விட்ட குடும்பங்கள் உண்டு.

இலக்கம் பிழை என்றே சொல்கிறது. எப்படி அழுத்துவது?

பத்துக்கு ஒன்பது தரம் காரணம் முன்னால் இருக்கும் பூச்சியம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு 021, மன்னார் 023, வவுனியா 024, திருகோணமலை 026, மட்டக்களப்பு 065, கொழும்பு 011. வெளியிலிருந்து எடுக்கும்போது அந்தப் பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். கனடாவிலிருந்து யாழ்ப்பாண வீட்டுக்கு 011, 94, 21, பிறகு ஏழு இலக்கம். 077 கைபேசி என்றால் 011, 94, 77, பிறகு ஏழு இலக்கம். இந்தியாவுக்கு 011, 91, அதன்பின் பத்து இலக்கம். சென்னை வீட்டு ரெலிபோனுக்கு 44ஓடு எட்டு. கொழும்பின் 011ஐயும் கனடாவின் வெளிநாட்டுக் குறியீடான 011ஐயும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம். கொழும்புக்கு 011, 94, 11 என்று வரும்.

ஒவ்வொரு தரமும் இவ்வளவையும் அழுத்தக் கை நோகிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. கைபேசியின் பெயர்ப் பட்டியலில் உள்ளூர் இலக்கம், ஒரு கமா, பின் இலக்கம், இன்னொரு கமா, ஊர் இலக்கம் என்று ஒரே வரியாகப் பதிந்து வைக்கலாம். ஒவ்வொரு கமாவுக்கும் போன் இரண்டு விநாடி அளவு பொறுத்து அடுத்ததை அழுத்தும். கணினி மெல்லப் பேசுகிறதென்றால் இரண்டு மூன்று கமா போடுங்கள். கண் தெரியாத மாமி ஒருவருக்கு இப்படிப் பதிந்து கொடுத்தேன். கார்ட் மாறும்போது மட்டும் கூப்பிடுவார்.

பின் இல்லாத கார்ட் நல்லதா?

வசதி. உங்கள் போன் இலக்கத்தையே அது அடையாளமாக வைத்துக்கொள்ளும், காசு முடிந்தால் அதிலேயே நிரப்பலாம். ஆனால் தானாக நிரப்பும் வசதிக்கு வங்கி அட்டையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சிம் மாற்றினாலோ போனைப் பிள்ளைக்குக் கொடுத்தாலோ முதலில் பதிவை நீக்குங்கள்.

சுரண்டும்போது ஒரு இலக்கம் அழிந்துவிட்டது.

கத்தியால் சுரண்டினீர்களா? திறப்பாலும் வேண்டாம். விரல் நகம் அல்லது பிளாஸ்டிக் விளிம்பு போதும். கார்டில் வரிசை இலக்கம் தனியாக அச்சிட்டிருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து அந்த இலக்கத்தையும் ரசீதையும் சொன்னால் பின்னைக் கண்டுபிடித்துத் தர முடியும். ரசீதை எறிந்திருந்தால் கடைக்காரரின் நல்ல மனதுதான். கடையிலேயே சுரண்டி, கடையிலேயே ஒரு தரம் மிச்சம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் தொல்லையே இல்லை. சுரண்டப்பட்ட கார்டை ஒரு கடையும் திருப்பி எடுக்காது.

ஏமாற்றினால் எங்கே முறையிடுவது?

முதலில் கார்டில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, கதைத்த திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். துண்டில் எழுதச் சொன்னது இதற்குத்தான். அவர்கள் சரிசெய்யாவிட்டால், கனடாவில் தொலைத்தொடர்பு முறைப்பாடுகளைக் கேட்க சிசிடிஎஸ் என்ற சுயாதீன அமைப்பு இருக்கிறது, இலவசம், முற்கொடுப்பனவுக் கார்ட்களும் அதன் எல்லைக்குள் வரும்.

ஐந்து டொலர் விஷயத்துக்கு யார் அலைவது என்பதுதான் ஏமாற்றும் கார்ட் கம்பனிகளின் முதலீடு. பக்கத்து நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எப்சிசி 2015 அக்டோபரில் ஆறு கார்ட் நிறுவனங்களுக்குத் தலா 50 லட்சம் டொலர் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இரண்டு, மூன்று, ஐந்து டொலருக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நிமிடங்கள் என்று குடிவந்தவர்களைக் குறிவைத்து விற்றார்கள்; முழுக் கார்டையும் ஒரே அழைப்பில் முடித்தால் தவிர அந்த நிமிடங்கள் கிடைக்கவே மாட்டா. மேலே 125க்கும் 34க்கும் போட்ட கணக்குத்தான், ஆங்கிலத்தில்.

லண்டன், டுபாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு?

பிரித்தானியாவில் கார்டின் இடத்தை மலிவு சிம்கள் எப்போதோ பிடித்துவிட்டன. அதிலும் எங்கள் ஆட்களின் கை பெரிது. 2001இல் மூன்று இலங்கைத் தமிழர் தொடங்கிய லெபாரா முதலில் விற்றது கார்ட்தான்; லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். இன்னும் கார்ட் பாவிப்பவர் 084, 087 என்று தொடங்கும் இலக்கங்களைக் கவனியுங்கள்: 2015 ஜூலையிலிருந்து அவற்றுக்கு உங்கள் போன் கம்பனி ஒரு கட்டணமும் இலக்கத்துக்குரியவர் ஒரு கட்டணமும் எடுப்பார்கள். 0800க்குக் கைபேசியிலிருந்தும் காசில்லை, ஆனால் கார்டில் நிமிடம் குறையும். பிரித்தானியாவிலும் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸிலும் 011க்குப் பதில் 00.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், கதைக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் அல்லது அங்குள்ள இரண்டு தொலைபேசி நிறுவனங்களின் சொந்தக் கார்ட்கள்தான் பாதுகாப்பான வழி. தொழிலாளர் முகாம் வாசலில் பெயர் தெரியாத கார்ட் மலிவாகக் கிடைக்கும். அது நாளைக்கு வேலை செய்யாவிட்டால் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

மேசை லாச்சிக்குள் பழைய கார்ட் ஒன்று கிடக்கிறது. செல்லுமா?

உள்ளூர் இலக்கத்துக்கு எடுத்து, பின்னை அழுத்தி, மிச்சத்தைக் கேட்டதும் ஊர் இலக்கத்தை அழுத்தாமல் வைத்துவிடுங்கள். அழைப்பு இணையாததால் பெரும்பாலான கார்ட்களில் காசு வெட்டாது. இன்னும் சுரண்டாத கார்ட் என்றால் திகதி தாண்டியிருந்தாலும் முயன்று பாருங்கள். பல கார்ட்களில் நாள் எண்ணத் தொடங்குவது முதல் அழைப்பிலிருந்துதான். மிச்சம் ஏதாவது சொன்னால் அன்றைக்கே ஊருக்கு எடுத்துக் கதைத்து முடியுங்கள். திரும்ப லாச்சிக்குள் வைத்தால் நாளைக் காலையிலிருந்து பராமரிப்புக் கட்டணம் ஓடத் தொடங்கலாம்.